ஒஸ்ரேலியாவில இல்லாத வைத்தியம்

இந்த முறை ஊருக்குப் போய் எங்கட பள்ளிக்கூடத்து பிக் மச் கிரிக்கெட் பாக்கிறதெண்டு முடிவெடுத்திட்டன். மனிசி மறிச்சாலும் போவன். மகாராசா வந்து மறிச்சாலும் போவன். மகாராசாவெண்டா பயமில்லை.

சிக்கல் என்னெண்டா, நான் வேலை செய்த வெயார்ஹவுஸை இழுத்து மூடிப்போட்டாங்கள். இப்ப வேலையில்லாத ஆக்களுக்கு அரசாங்கம் குடுக்கிற சென்டர்லிங்க் காசிலதான் சீவியம். நாட்டை விட்டு வெளிக்கிட்டா அது நிண்டிடும். பக்கத்து வீட்டுக் கஜீவன்தான் வழி சொன்னவன்.

"அண்ணை, வைத்தியத்துக்கெண்டு கேட்டுப் போனா கொஞ்ச நாளைக்குக் குடுப்பினம். ஆனா அந்த வைத்தியம் ஒஸ்ரேலியாவில இருக்கப்படாது."

உடன இடுப்பைப் பிடிச்சன். எங்கட ஊர் முறிவு நெரிவுப் பரியாரியார் ஈஸ்வரமூர்த்தி! அவற்ற எண்ணெய் உலகத்தில வேற ஒருத்தரிட்டையும் இல்லை. சென்டர்லிங்குக்கு ஃபோனைப் போட்டன். அங்கால ஒரு பிள்ளை, தேன் குரல்.

"வேலை செய்ய ஏலுமோ, சேர்?"

"ஏலாது பிள்ளை. இடுப்பு."

"அப்ப வேலை தேடவும் ஏலாதே? தேடாட்டிக் காசு நிண்டிடுமே, சேர்."

"இல்லையில்லை, ஏலும்!"

"ஏலுமெண்டா ஏன் வைத்தியம்?"

"ஏலும்... குனிய ஏலாது."

"இஞ்ச ஃபிசியோ இருக்கினமே?"

"அவையிட்டை அந்த எண்ணெய் இல்லை, பிள்ளை! ஈஸ்வரமூர்த்தி இஞ்ச இல்லை!"

ஃபோனை வைக்கேக்க எனக்கு இடுப்பு நோகுதோ, நோகேல்லையோ எண்டு எனக்கே விளங்கேல்லை.

குசினிக்குள்ளால மனிசி யோகா எட்டிப் பாத்தா.

"என்னப்பா, இடுப்போ?"

"உயிர் போகுதப்பா. ஈஸ்வரமூர்த்தியிட்டைப் போனாத்தான் சரிவரும்."

"அப்ப காரை எடுங்கோ."

"என்ன விசர்க் கதை? யாழ்ப்பாணத்துக்குக் காரிலயோ?"

"இஞ்ச பக்கத்தில கிரவீனுக்கு. மகளின்ர பிள்ளைப்பேறுக்கு வந்து நிக்கிறார். நேற்றுக் கோயிலில கண்டு கதைச்சனான். எண்ணெயும் கொண்டந்தவராம்."

உலகத்தில இல்லாத வைத்தியம் ரெண்டு ரோட்டுத் தள்ளி இருக்குது!

மகள் வீட்டுக் கராஜுக்குள்ள பாய் விரிச்சுக் குப்புறப் போட்டார் பரியாரியார். முழங்காலை முதுகில வைச்சு ஒரு அழுத்து. "அம்மோ!" நான் கத்தின கத்தில தொட்டிலில கிடந்த குழந்தை என்னோட சேந்து அழுதுது.

"பத்தியம் இருக்கோணும் தம்பி. இறைச்சி கூடாது. நண்டு கூடாது. பியர் மணந்தும் பாக்கக் கூடாது."

"வேற ஏதும் கூடாதது இருக்கோ ஐயா?" எண்டு கேக்கிறா யோகா. முகத்தில அப்பிடியொரு கவலை.

நாள்தோறும் எண்ணெய். நாள்தோறும் அம்மோ. ஒருநாள் பரியாரியார் சொல்லுறார், "நான் வெளிக்கிடப் போறன் தம்பி. பிக் மச்சுக்கு நிக்கோணும்."

ஏர்போட்டுக்கு ஏத்திக்கொண்டு போனதும் நான்தான். வந்த விசருக்கு அவற்ற ரெண்டு பெட்டியையும் ரெண்டு கையால தூக்கி ட்ரொலியில எறிஞ்சன். யோகா கை தட்டினா.

"வடிவாத் தூக்கிறீங்களப்பா! புது வெயார்ஹவுஸ் ஒண்டில ஆள் கேக்கினம். உங்கட பேரைக் குடுத்திட்டன். நாளைக்கு விடிய வரட்டாம்."

பிக் மச் நாளண்டு நான் புது வெயார்ஹவுஸில பெட்டி அடுக்கிக்கொண்டு நிக்கிறன். வீடியோ கோல். பரியாரியார். பின்னால பாண்ட் அடிக்கிது, என்ர கூட்டாளியள் ஆடுறாங்கள்.

"தம்பி, இடுப்பு எப்பிடி?"

சுப்பவைசர் பக்கத்தில நிண்டான். "நல்ல சுகம் ஐயா. உங்கட கைராசி."

"என்ர கையோ? உம்மட இடுப்பில ஒண்டுமில்லையெண்டு எனக்கு முதல் நாளே தெரியும். யோகாப் பிள்ளைதான், எதுக்கும் நல்லா உழக்கி விடுங்கோ எண்டவ."