நிலைவாசலில் தொங்கும் அசல் கற்றாழை

செடிக்குப் பெயர் சொல்பவர் என்றொரு இனம் நம்மிடையே வாழ்கிறது. தண்ணீர் ஊற்றமாட்டார், களை பறிக்கமாட்டார், ஆனால் உங்கள் வீட்டுத் தொட்டியில் சதைப்பற்றாக, முள்ளும் முனையுமாக எது நின்றாலும், செருப்பைக் கழற்றுமுன் அதன் எதிரே குத்துக்காலிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இலையைக் கிள்ளி, மோந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு வழங்குவார்: "பாக்கத்தான் அப்பிடி இருக்கும். இது அது இல்ல."

பின் எது என்று கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார்.

கச்சிராயபாளையம் தங்கதுரை இந்த இனத்தில் முற்றிய காய். படமெடுத்தால் செடியின் பெயர் சொல்லும் செயலி அவர் செல்போனில் உண்டு. அது மூன்று பெயர் காட்டும். முதலாவதை அவர் தொடமாட்டார். முதல் பெயர் ஊராருக்கு. இரண்டாவதுதான் விவரம் தெரிந்தவர்களுக்கு.

இந்த ஞானத்தால் அவர் இழந்தது ஒரே ஒரு மச்சானை. மனைவி ஆண்டாளின் அண்ணன், எலவனாசூர்கோட்டை அய்யப்பன், கள்ளக்குறிச்சியில் விலை கொடுத்து வாங்கிய கேக்டஸை விருந்தாளிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, "இது வேலிக் கள்ளி மச்சான்" என்று தங்கதுரை நகத்தால் ஒரு கீறு கீறினார். பால் வழிந்தது. கள்ளியேதான். சரியாகச் சொன்னதை எந்த மச்சான் மன்னிப்பார்? ஆறு வருஷம் பேச்சில்லை.

இப்போது தங்கதுரை புது வீடு கட்டியிருக்கிறார். ஆண்டாள் நேரில் போய் அழுது கூப்பிட்டதில், சீர்த்தட்டோடு வர அண்ணன் ஒப்புக்கொண்டார். அவர் வாசற்படி தாண்டி உள்ளே வரவேண்டும். அவளுக்குக் கிரகப்பிரவேசம் என்றால் அதுதான்.

திருஷ்டிக்கு நிலைக்கு மேல் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டவேண்டும் அல்லவா? ஆண்டாள் தொட்டியிலிருந்து ஒன்றைப் பிடுங்கி வந்தாள்.

"இது ஆனைக்கத்தாழையோட குட்டி," என்றார் தங்கதுரை.

"இன்னாங்க நீங்க, இதத்தான ஒடச்சி தெனம் தலைக்குத் தேச்சிக்கினு இருக்கேன்?"

"அதான் முடி கொட்டுது."

அசலைத் தேடிக் கல்வராயன் மலைக்கே பஸ் ஏறினார். செல்லன் என்பவரின் சாமைக் கொல்லை ஓரத்தில் அது நின்றது: இலை முழங்கை நீளம், ஒவ்வொரு நுனியிலும் ஒரு கோணி ஊசி.

"ஐயா, ஆடு மாடு வராம வேலிக்கு வச்சதுங்க அது. கண்ணக் குத்தும்," என்றார் செல்லன்.

தங்கதுரை பரிதாபப்பட்டுச் சிரித்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவருக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும்? செயலியைக் கேட்டார். முதல் பெயர் ஆனைக்கற்றாழை. இரண்டாவது சோற்றுக்கற்றாழை. வேறென்ன வேண்டும்?

விசேஷத்தன்று வந்தவர்கள் எல்லாரும் குனிந்து குனிந்து உள்ளே நுழைந்தார்கள். தங்கதுரை அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். பத்து மணிக்கு அய்யப்பன் வந்தார். ஆறடி ஆள். இரண்டு கையிலும் சீர்த்தட்டு. "குனிஞ்சி வாண்ணே" என்று ஆண்டாள் சொல்லி முடிப்பதற்குள் நெற்றி நடுவே ஊசி இறங்கியது. பொட்டு வைத்தாற்போல் ஒரு சொட்டு ரத்தம்.

அய்யப்பனுக்கு ஒரு கால் படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. 'செடி மாறிப்போச்சு மச்சான்.' மூன்றே சொல் சொன்னால் போதும். தங்கதுரை வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமினார்.

"பாக்கத்தான் முள்ளு மாதிரி இருக்கும்," என்றார்.

ஆண்டாள் முகத்தை மூடிக்கொண்டாள். அய்யப்பன் தட்டைத் தங்கை கையில் கொடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், ரத்தப் பொட்டின் மேலேயே. ஓர் இலையைக் கிள்ளினார். மோந்தார்.

"மாப்ளே, இது கத்தாழையே இல்ல. காட்டு அன்னாசி."

"அன்னாசியா? நாரப் பாருங்க மச்சான்."

"நாரு ரெண்டுத்துலயும்தான் வரும். இரு, ஏறிக் காட்றேன்."

நாற்காலி எடுக்க விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார் அய்யப்பன். ஆறு வருஷமாகத் தங்கை வீட்டுப் பக்கமே வராதவர், வாசற்படியைத் தாண்டியது அவருக்கே தெரியாது. மூன்று பந்தி முடிந்தும் இருவரும் அந்த நாற்காலியை விட்டு இறங்கவில்லை. ஆண்டாள் சீர்த்தட்டைச் சாமி முன்னால் வைத்துவிட்டு, தன் தொட்டிக் கற்றாழையைத் தோட்டத்து வாசலில் கட்டினாள். மிச்ச விருந்தாளிகள் அந்த வழியாக வந்து சாப்பிட்டுப் போனார்கள்.

உங்கள் நிலைவாசலிலும் ஒன்று தொங்குகிறதா? எங்கள் வீட்டில் இருப்பது அசல்தான் என்கிறீர்களா? சந்தேகமே இல்லை. எதற்கும் வெளியே போகும்போது கொஞ்சம் குனிந்தே போங்கள்.