அம்மாவின் மாத்திரையை யாரோ கொடுக்கிறார்கள்

அன்புத் தம்பிக்கு,

இங்கு நலம். அங்கும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். நீ பதில் எழுதப்போவதில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட நாட்களில் வைத்திருந்த பழைய போனை விற்றுவிட்டேன். விற்கும் முன் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாய். ஒரே பொத்தானில் எல்லாம் போய்விடும் என்பதைப் புள்ளியியல் படித்த நான் நம்பவில்லை. படம் படமாக, எண் எண்ணாக, விரல் நோக நானே அழித்தேன். கணக்கிலிருந்து வெளியேற மட்டும் மறந்துபோனேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அம்மா போனதும் நான் நிறுத்திவைத்த 'அம்மாவுக்கு மாத்திரை' நினைவூட்டல், அதே கணக்கில் ஓடும் என் டேப்லெட்டில் மறுபடி மணியடித்தது. அணைக்கப் போனால், அதற்குள் யாரோ 'கொடுத்தாச்சு' என்று குறித்திருந்தார்கள். மறுநாளும் அப்படியே. பெரியக்காவிடம் சொன்னது என் கெட்ட நேரம். "நீ ஒழுங்கா குடுக்கல, அதான் அம்மா வேற ஆள் வச்சுக்கிட்டா"ன்னு சிரிக்காம சொல்றா. "மாத்திரை எங்கேக்கா போகுது?"ன்னா, "என்னை ஏன் கேக்குற, படிச்சவ நீதானே!"

போன் கடைக்காரரிடம் ஓடினேன். "மேடம், வீட்டைக் கழுவித் துடைச்சுட்டு சாவியைக் கதவுலயே விட்டுட்டீங்க. வாங்கினவங்க உங்க கணக்குலதான் குடியிருக்காங்க"ன்னார். யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறார். சரி, அந்த நினைவூட்டலையாவது ஒழிப்போம்னு அழிச்சேன். விடிஞ்சு பார்த்தா அதே வரி, எழுத்து மாறாம, திரும்ப நிக்குது. அவங்க வீட்லயும் ஒரு அம்மா இருப்பாங்க, வசதியா இருக்குன்னு வச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். பயப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனா மணியடிச்சா நான் இன்னும் எழுந்து தண்ணி எடுக்கப் போறேன்டா. டம்ளரோட அந்தக் காலிக் கட்டில் முன்னாடி போய் நிக்கிறேன். இது நிக்கணும்.

அந்த போனை இங்கிருந்தே துண்டிக்கலாமாம். அதற்கான ரகசிய எண் உன் போனுக்குத்தான் வரும். கணக்கு தொடங்கும்போது உன் எண்ணைக் கொடுத்திருந்தேன். நாளைக் காலையில் துண்டிக்கப் போகிறேன். எண் வந்ததும் யோசிக்காமல் உடனே கூப்பிட்டுச் சொல்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாயிருக்கட்டும், போனைக் குறைவாகப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் சின்னக்கா

பி.கு.: இந்த மெயிலை அனுப்பப் போகும்போது மணியடித்தது. 'கொடுத்தாச்சு'வுக்குக் கீழே இன்று புதிதாக ஒரு வரி: 'சின்னவ எங்கேன்னு கேட்டாங்க.' எல்லா வீட்டிலும் ஒரு சின்னவள் இருப்பாள், எனக்குத் தெரியாதா? எண் வந்தால் சொல்லாதே. நானே கேட்டாலும் சொல்லாதே.