இடிந்த தேவாலயமும் இருபது சோடிச் சப்பாத்துகளும்

கூரை போய், கதவு போய், மணியும் போய்விட்ட ஒரு தேவாலயம் இன்னும் தேவாலயம்தானா? எனக்கு இன்றுவரை விடை தெரியாது. தெரியாதவள் சும்மா இருந்திருக்கலாம். நான் ஒரு பாலர் வகுப்பையே வெறுங்காலோடு நிற்க வைத்தேன்.

மகள் நிலாவின் வகுப்பு, சுவிஸில் ஓல்டன் நகருக்கு அப்பால் ஒரு மேட்டில் இடிந்து கிடக்கும் பழைய ஊர்த் தேவாலயத்தைப் பார்க்கப் போனது. துணைக்கு ஒரு தாய் வேண்டும் என்றார் ஆசிரியை. நான் கையை உயர்த்திவிட்டு, அதன்பிறகு நித்திரையைத் தொலைத்தேன். என் ஜெர்மன் போதுமா? பிள்ளைகள் கேள்வி கேட்டால்? பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். முதலில் கட்டியது ஒரு சின்ன மண்டபம்தான். ஊர் பெருகியபோது அதை நீட்டி, கிழக்கே பீடத்துக்கு அரைவட்டமாக ஓர் அறை சேர்த்தார்கள், பிறகு கோபுரம். கடைசியில் ஊரே பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட, கீழே புதுத் தேவாலயம் கட்ட இதன் கற்களையே கழற்றிக்கொண்டு போனார்கள். (ஆசிரியைக்குக்கூட இவ்வளவு தெரிந்திருக்காது.)

நிலாவுக்கு வேறு கவலை.

"அம்மா, அங்க ஒண்டும் புதினமாச் செய்யக்கூடாது. ஓமோ?"

"நான் என்னடி செய்யப்போறன்?"

"தெரியேல்லை. அதுதான் பயம்."

மேட்டில் மிஞ்சியிருந்தவை முழங்கால் உயரச் சுவர்களும், கிழக்கே அந்த அரைவட்டமும், மேற்கே ஒரு வாசற்படியும்தான். எத்தனையோ தலைமுறைக் கால்கள் தேய்த்ததில் படி நடுவில் குழிந்திருந்தது. அதைக் கண்டதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே சப்பாத்திலிருந்து வெளியே வந்துவிட்டன. (யாழ்ப்பாணத்தில் என் பள்ளிக்கூடத்து மாதா கோயிலுக்கும் நாங்கள் செருப்போடு போனதில்லை.)

லூக்கா என்ற பையன் பார்த்துவிட்டான். "ஏன் கழற்றினீர்கள்?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டான்.

நிலா தலையைக் குனிந்துகொண்டாள். அசடு வழிவதைவிட அறிவாளியாகத் தெரியலாம் என்று நினைத்து, "இது கடவுளின் வீடு. வீட்டுக்குள் சப்பாத்தோடு போவாயா?" என்றேன்.

சுவிஸ் பிள்ளைகளிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? வீட்டிலும் பாலர் வகுப்பிலும் வாசலில் சப்பாத்தைக் கழற்றி, 'ஃபிங்கன்' என்ற வீட்டுச் செருப்பை மாட்டியே வளர்ந்தவர்கள். நான் சொன்னது அவர்களுக்கு நூறு வீதம் நியாயமாகப் பட்டது. இருபது பேரும் கழற்றிவிட்டார்கள். ஒரு சின்னப் பெண், ஃபிங்கன் கொண்டுவரவில்லையே என்று அழத் தொடங்கினாள். ஆசிரியை சப்பாத்தோடு சுவரைத் தாண்டப் போக, என் மகள் இரண்டு கைகளையும் விரித்து மறித்தாள். "வாசலால் வாங்கோ! கழற்றிவிட்டு!" என்று அவள் ஜெர்மனில் போட்ட அதட்டலுக்கு ஆசிரியை பணிந்தார்.

உள்ளே ஈரப் புல்லும் காஞ்சோண்டியும். பிள்ளைகள் அரைவட்டத்தில் உட்கார்ந்து, காலைச் சொறிந்தபடி என் சொற்பொழிவைக் கேட்டார்கள். அதுவரை எல்லாம் வெற்றிதான்.

திரும்பி வாசலுக்கு வந்தால், பக்கத்து மேய்ச்சல் நிலத்துக் கன்றுகள் வேலிக்குள்ளால் தலையை நீட்டி, சப்பாத்துக் குவியலை நக்கி, முட்டி, பாதியைச் சரிவில் உருட்டிவிட்டிருந்தன. கீழே மஞ்சள் பஸ் வந்துகொண்டிருந்தது. இந்த நாட்டில் பஸ் யாருக்கும் காத்திருக்காது. அகப்பட்டதை மாட்டிக்கொண்டு ஓடினோம். லூக்காவின் ஒரு காலில் யாருடையதோ இளஞ்சிவப்புச் சப்பாத்து.

பின்னேரம் முழுதும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் சப்பாத்துப் படங்கள். நான் மன்னிப்பை எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கணவர் வேலையால் வந்ததும், "என்னப்பா, குருக்கள் அம்மா, திருவிழா எப்பிடி?" என்றார். வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பயந்து பயந்து நிலாவிடம் கேட்டேன். "வெக்கமாப் போச்சோ பிள்ளை?"

"இல்லையம்மா! எல்லாரும் நாளைக்கும் போவமாம்."

நேற்று லூக்காவின் அப்பா தொலைபேசியில் அழைத்தார். மகனின் பிறந்தநாளை அந்த மேட்டில் கொண்டாடப் போகிறார்களாம். மண்டபத்தின் நடுவில் நெருப்பு மூட்டி இறைச்சிச் சொசேஜ் சுடுவது ஊர் வழக்கம். ஆனால் நிலாவின் அம்மா அனுமதிக்காமல் அங்கே சுடக்கூடாது என்று லூக்கா பிடிவாதமாக நிற்கிறானாம். "தயவுசெய்து அனுமதி தருவீர்களா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

நானோ சமயத்திலும் சைவம், சாப்பாட்டிலும் சைவம். ஓம் என்றால் லூக்கா இனி என்னை நம்பமாட்டான். கூடாது என்றால் ஒரு பிறந்தநாளைக் கெடுத்த பாவம். சனிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். விபரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்: அங்கே சொசேஜ் சுடலாமா, கூடாதா?