ஊசித் தண்ணீரும் ஒரு சிட்டிகைப் புற்றுமண்ணும்

சங்கரன்கோவில்,
22-8-1984

மதிப்புக்குரிய சண்முகையா அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் சங்கரசுப்பு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ஆவுடையம்மாளும் மூன்று தறிகளும் சுகம். நான்காவது தறி மட்டும் என்னைப் போலவே, தட்டிக் கொடுத்தால்தான் ஓடுகிறது. திருவேங்கடத்தில் நீங்களும் பேச்சித்தாய் அக்காளும் சுகம் என்று நம்புகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு என் படிப்பு பாதிக் காரணம். மீதிக் காரணம் வலது கட்டைவிரலில் ஒரு கொப்புளம், அது இருக்கட்டும்.

போன மாதம் உங்கள் வீட்டுக் காதுகுத்தில், பந்தி நடுவே, "மாப்ளே, ஒம்ம மக மருந்துக் கம்பெனியில தண்ணி பாக்காளாமே, தண்ணியில எத்தனை வகை வே?" என்று கேட்டீர்கள். எட்டாம் வகுப்பு வரை படித்தவன் என்கிற தைரியத்தில், "ரெண்டு, அத்தான். வெந்நி, பச்சத்தண்ணி" என்றேன். பந்தியே சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்றவர் சிரித்த சிரிப்பில் பாதி சாம்பார் என் வேட்டிக்கு வந்தது. "தண்ணி காய்ச்சுததுக்கு ஒரு காலேஜ் படிப்பா, நம்ம வீட்டுல அடுப்பு இல்லையா" என்று நீங்கள் சொன்னதற்கும் என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அதே ஆட்களைக் கூட்டிவைத்து இந்தக் கடிதத்தை உரக்கப் படிக்கவும்.

சென்ற வியாழக்கிழமை காலை ரயிலில் மதுரைக்குப் போனேன். ஊருக்கு வெளியே, குளுக்கோஸ் பாட்டிலும் ஊசி மருந்தும் செய்கிற கம்பெனி. மகள் கோமதித்தாய் அங்கே வேலைக்குச் சேர்ந்து அந்த வாரத்தோடு ஆறு மாதம் முடிகிறது. வேலை நிரந்தரமாகுமா, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வருவாளா என்பது அந்த வாரந்தான் தெரியும். மேனேஜர் சத்தியநாதன் பாளையங்கோட்டைக்காரர். நம் பக்கத்து ஆளாயிற்றே என்று என்னை உள்ளே விட்டார். அந்தத் தவறை அவர் இனிச் செய்ய மாட்டார். தலைக்குத் தொப்பி, காலுக்குத் துணி உறை மாட்டி, ஆபரேஷனுக்குப் போகிறவன் மாதிரி மகளுக்குப் பின்னால் நடந்தேன். கிணற்றுத் தண்ணீர் மணலிலும் கரியிலும் வடிந்து வருவது முதல் வகை. அது கழுவத் துடைக்கத்தான். பிறகு கடுகு கடுகாக ஒரு சரக்கு அடைத்த குழாய் வழியே போகிறது. உப்பையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் டானிக்குக்கு ஆகும், ஊசிக்கு ஆகாது. ஊசிக்கு ஆவியாக்கிக் குளிர வைத்துப் பிடிக்கவேண்டும், பிடித்ததையும் ஆறவிடாமல் தொட்டியில் சூடாகவே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி குடியேறிவிடும். "கொதிக்க வச்சாச் சாகாதாக்கும்?" என்று கேட்டேன். "சாகும்ப்பா. செத்தது அதுக்குள்ளதான கெடக்கும். வாயில போனா வயிறு பாத்துக்கிடும். நரம்புல போனா குளிர் காய்ச்சல் வந்து கட்டிலே ஆடும். ஆவி மட்டுந்தான் அதை விட்டுட்டு மேல வரும்" என்றாள். அத்தான், உங்கள் அடுப்புக் கேள்விக்கு இதுதான் பதில். கூண்டில் முயல்களைப் பார்த்து, கம்பெனியில் கறிச்சாப்பாடு போலிருக்கிறது என்று மகிழ்ந்தேன். மருந்தை முதலில் முயலுக்கு ஏற்றிக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பார்களாம். எனக்குக் காய்ச்சல் வந்தால் ஆவுடையம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதோடு சரி. முயலுக்கு மூன்று மணி நேரம் தெர்மாமீட்டர்.

இனிமேல்தான் என் கெட்ட நேரம். கோவில் புற்றுமண்ணை ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்துக் குடித்தால்தான் நமக்கு எந்த மருந்தும் கேட்கும். புதுத்தறி இறக்கினாலும் அதன் மேல் ஒரு சிட்டிகை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எடுத்த மண் என் சட்டைப்பையில் பொட்டலமாக இருந்தது. தொட்டி அறை மேசையில், சோதனைக்கென்று காலையில் பிடித்து ஆறவைத்த ஒரு பாட்டில் தண்ணீர். கோமதி ஏதோ காகிதம் எடுக்கப் போனாள். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் மைதீனும் பாய்லர் பக்கம் போனார். இரண்டு நிமிடம் நான் மட்டும். பிள்ளைக்கு வேலை நிலைக்க வேண்டும் என்று அம்மனை நினைத்து, ஒரு சிட்டிகை எடுத்துப் பாட்டிலில் போட்டேன்.

வந்த மகள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் மாறியது. ஆள் கூடி, மேனேஜரும் வந்து, "மைதீன், தொட்டியைக் கழுவுனீரா, கதையளந்துக்கிட்டு இருந்தீரா?" என்று கேட்க, அந்த மனிதர் "அல்லா மேல ஆணையாக் கழுவுனேன் சார்" என்று கண்கலங்க, நான் சுவரில் எழுதியிருந்த விதிமுறைகளை வாசித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் இருந்ததால் வெகுநேரம் வாசிக்க முடிந்தது. கோமதி என் பக்கத்தில் வந்தாள். "அப்பா, கையைக் காட்டுங்க." காட்டினேன். அவள் திரும்பி, "சார், மைதீன் அண்ணன் மேல தப்பு இல்ல. இது எங்க ஊர்ப் புத்துமண்ணு. எங்க அப்பா போட்டது" என்றாள். ஆறு மாத வேலையின் கடைசி வாரம், அத்தான்.

சத்தியநாதன் மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, பாட்டில்ல மட்டுந்தான போட்டிய? தொட்டியில போடலையே?"

"பாட்டில்ல மட்டுந்தான் சார்."

"அப்ப வேற பாட்டில் பிடிம்மா. தொட்டியைக் கொட்டுனா ரெண்டாயிரம் லிட்டர், ஒரு நாள் வேலை நின்னு போயிரும்."

"அப்பா சொல்லுதாங்கன்னு தண்ணியை ஒருத்தர் நரம்புல ஏத்த முடியாது சார். தொட்டியைத் தொறந்து விடணும். நானே எழுதிக் கையெழுத்துப் போடுதேன்."

வால்வை அவளே திறந்தாள். நம் தெருவில் ஒரு குடத்துக்கு மூன்று மணி நேரம் நிற்கிறோம். அதைவிட எத்தனையோ மடங்கு நல்ல தண்ணீர் ஆவி பறக்கச் சாக்கடையில் போயிற்று. இத்தனை பேர் முன்னால் பெற்ற தகப்பன் வார்த்தையை நம்பாத பிள்ளை, அத்தான். தறிக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வேலை நிரந்தரமென்று காகிதம் கொடுத்துவிட்டார்களாம். தொட்டி அறைக் கதவில், வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று புதுப் பலகையும் மாட்டியாயிற்றாம். அந்தப் பலகை முழுக்க முழுக்க என் உழைப்பு.

அக்காளுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். சங்கரலிங்கசாமியும் கோமதியம்மனும் உங்கள் கரிசலுக்கு மழை தரட்டும். வடிகட்டாத மழையே போதும்.

இப்படிக்கு,
சங்கரசுப்பு

பி.கு.: இதை மட்டும் உரக்கப் படிக்க வேண்டாம். ஆறிப்போன பாட்டிலில் கை வைத்தால் கொப்புளம் வராது. தொட்டி மூடியின் திருகைக் கழற்றத் தறிக்காரனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? பெரிய தொட்டியாயிற்றே என்று அதிலும் இரண்டு சிட்டிகை போட்டேன். ஆவி கட்டைவிரலில் அடித்தது. மேனேஜர் கேட்டபோது பொய் வாயில் வந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் வால்வைத் திறந்துவிட்டாள். சாயங்காலம் ரயிலடியில் என் விரலுக்குத் தீப்புண் மருந்து தடவிவிட்டாள். எங்கே சுட்டது என்று அவள் கேட்கவில்லை.