நாற்பத்தைந்து பவுண்டு முதுகு

வில்வித்தை கற்றே தீருவது என்று ஐம்பதாவது வயதில் முடிவெடுத்தேன். மூன்று மாதம் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளப் அணிக்கு எட்டுப் பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த எட்டில் நான் இல்லாவிட்டால் வாழ்ந்து என்ன பயன் என்கிற அளவுக்கு முற்றிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். எனக்கு முதுகுவலி.

வலி என்றால், வலி இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் படுக்கையறை ஜன்னலை மறைத்து நின்ற இரும்பு பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தப் போனேன். சுளீரென்று ஒரு பிடிப்பு. நாலே நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த நாலு நாளில் தண்ணீர் கேன் தானாக மாடி ஏறியது, மெத்தை தானாகப் புரண்டது, படுத்த இடத்துக்குக் காபி வந்தது. இத்தனை சௌகரியத்தை யாராவது குணப்படுத்திக்கொள்வார்களா? காப்பீட்டு அலுவலகத்தில் பொய் மருத்துவச் சான்றிதழ்களைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எனவே பொய்யில் எங்கே ஓட்டை விழும் என்பது எனக்கு அத்துப்படி.

பீரோ மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அதே அறையில்தான் மனைவியின் தையல் மெஷின். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணை இடுக்கி ஊசியில் நூல் கோப்பாள். பார்த்தால் மனசு உறுத்தும். உறுத்தினால் கிளப்புக்குப் போய்விடுவேன்.

முதுகுவலிக்காரனுக்கு வில் எதற்கு என்று அவள் கேட்டபோது நான் அசரவில்லை. “வில்லு குடையைவிட லேசும்மா” என்றேன். உண்மைதான். இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆனால் என் அம்பு இலக்கைத் தவிர எல்லாவற்றையும் தொட்டது. ஒருமுறை, பயிற்சி தரும் மாஸ்டரின் சைக்கிள் சீட்டை.

“சார், நீங்க கையால இழுக்கறீங்க” என்றார் மாஸ்டர், சீட்டைத் தடவியபடி. “முதுகால இழுங்க. ரெண்டு தோள்பட்டை எலும்பும் நடுவுல வந்து சேரணும். வீட்ல யாரையாவது அந்த இடத்துல விரல் வைக்கச் சொல்லுங்க. விரல் நசுங்கற வரைக்கும் நாணை விடாதீங்க.”

வீட்டில் ‘யாராவது’ என்றால் ஒருத்திதான். சனிக்கிழமை காலை வெட்டுத்துணி திணித்த சாக்கைச் சுவரில் சாய்த்து, மூன்றடி தள்ளி நின்றேன்.

“கையால இல்ல, முதுகால இழுக்கணுமாம். ஒரு விரலை என் முதுகு நடுவுல வை.”

“ஏங்க, வலிக்குதா?”

“இல்ல. அதாவது, வலிக்குது. ஆனாலும் வை. கொஞ்சம் மேல.”

“மூணு வருஷமா தைலம் தேய்க்கற இடம். எனக்குத் தெரியாதா?”

இழுத்தேன். அம்பு சாக்கின் ஓரத்தைக் கிழித்தது.

“விரல்ல ஒண்ணுமே தெரியலீங்க. விடுங்க, நோஞ்சான் முதுகு. பாவம், அது என்ன பண்ணும்?”

நோஞ்சானா! எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி இழுத்தேன். எலும்பு இரண்டும் கதவு சாத்துகிற மாதிரி சாத்திக்கொண்டன.

“ஆ! விரலு, விரலு!”

அம்பு நட்டநடுவில்.

“அம்மாடி! எங்க, இன்னொரு தடவை?”

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. முப்பது அம்பு எய்தேன். முப்பதுக்கும் ‘ஆ’ சொன்னாள்.

“இதை இழுக்க எவ்வளவு பலம் வேணும்?”

“நாப்பத்தஞ்சு பவுண்டு!”

“கிலோவுல?”

“இருபது இருக்கும்.”

“ஓ. ஒரு தண்ணி கேன்.” விரலை ஊதிக்கொண்டாள். “முப்பது கேன் தூக்கியிருக்கீங்க. இப்ப வலி எப்படி?”

“லேசா… இடது பக்கம்.”

“போன வாரம் வலது பக்கம்.”

பொய்ச் சான்றிதழோடு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து மாட்டிக்கொண்டவர்களின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

“மாஸ்டரோட வீட்டம்மா துணி தைக்கக் குடுக்க வந்தாங்க” என்றாள் சாவதானமாக. “உங்க வீட்டுக்காரருக்கு நல்ல முதுகாம், உபயோகப்படுத்தத்தான் மாட்டேங்கறாராம்னாங்க. ஆமாங்க, வீட்லயும் அதே குறைதான்னேன்.”

பத்தாவது நிமிஷம் நான் பீரோவின் காலடியில் இருந்தேன். முக்கினேன், முனகினேன். ஒரு விரல் வந்து முதுகில் உட்கார்ந்தது.

“கையால இழுக்கறீங்க. முதுகால.”

பீரோ கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்தது. மூன்று வருஷ வெயில் மொத்தமாகத் தையல் மெஷின் மேல் விழுந்தது. அவள் விளக்கை அணைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க அவளும் வந்தாள். ஆறு அம்பில் ஐந்து நடுவில். எட்டாவது ஆளாக அணிக்குள் நுழைந்துவிட்டேன்! மாஸ்டர் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“சார், ஒரே நாள்ல இப்படி ஒரு ஃபார்மா? என்ன செஞ்சீங்களோ, அதைத் தினமும் செய்யுங்க. ஒரு நாள்கூட விட்டுடாதீங்க!”

“விடமாட்டாருங்க மாஸ்டர்” என்றாள் என் மனைவி. “கீழ மூணு கேன் இறக்கி வைக்கச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.”