கடைசிப் பாடத்துக்கு வராதவர்

"இந்த ஆள் ஏன் இன்னும் முடிக்கல?"

மேலாளர் அம்மா பேனா முனையைக் கணினித் திரையில் ஒரு பெயருக்கு நேராக வைத்துக்கொண்டு கேட்டார். தராசு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பெயர் தெரிந்தது, பதில்தான் தெரியவில்லை.

தராசு என்பது அலுவலகம் வைத்த பெயர். இணையத்தில் சான்றிதழ்ப் படிப்புகள் நடத்தும் அந்த நிறுவனத்தில், ஒவ்வொரு பாடத்தின் தரத்தையும் பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஆசிரியர் சற்று பலமாக மூச்சு விட்டால்கூட 'தேவையற்ற ஓசை' என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவருக்கும் அதில் உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு.

இப்போது தராசில் ஏறியிருப்பது, அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே வெளியாகிவிட்ட வீட்டுத் தையல் படிப்பு. நேரம் கிடையாது, வருகைப்பதிவு கிடையாது. பதிவு செய்து வைத்த பாடங்களை அவரவர் இஷ்டப்பட்ட நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். கடைசிப் பாடத்தைப் பார்த்து முடித்ததும் சான்றிதழ் தானாக வந்து விழும். சேர்ந்தவர்களில் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே ஓடிவிட்டார்கள், மீதிப் பேர் முடித்துவிட்டார்கள். இந்த ஒரு மனிதர் மட்டும் ஓடவும் இல்லை, முடிக்கவும் இல்லை. இரண்டு வருஷமாகத் தினமும் வருகிறார். முதல் பதினொரு பாடங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பன்னிரண்டாவதை மட்டும் தொடுவதே இல்லை.

"அடுத்த மாசம் தரக் குழு வருது. 'பாடம் புரியாமத்தான் ஒருத்தர் இப்படிச் சுத்திச் சுத்தி வராரு'ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் படிப்பை மூடிடுவாங்க. உங்க ஒப்பந்தமும் அதோட முடியுது, ஞாபகம் இருக்கா?" என்றார் மேலாளர் அம்மா.

ஞாபகம் இல்லாமலா? இந்தப் படிப்பு தேறினால் தராசுக்கு வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வீடு. ஐம்பதை நெருங்கும் வயதில் இன்னோர் இடத்தில் போய்க் கைகட்டி நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்றைக்கே அந்த மனிதருக்கு அலுவலகத்தில் 'தொங்கல்' என்று பெயர் விழுந்தது. தராசு தொங்கலைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பாடம் புரியலையா சார்?"

"நல்லாப் புரியுதுங்க. டீச்சர் ரொம்ப நல்லாச் சொல்றாங்க." வயதான குரல். நிதானமான குரல்.

"அப்ப கடைசிப் பாடத்தையும் பாத்துட வேண்டியதுதானே? காஜா எடுக்கறது ஒண்ணுதான் பாக்கி. பட்டனுக்கு ஓட்டை போட்டுட்டா சட்டை முடிஞ்சது."

"பாக்கலாங்க. என்ன அவசரம்? 'உங்கள் வேகத்தில் படியுங்கள்'னு நீங்கதானே போட்டிருக்கீங்க?"

தராசு தொலைபேசியை வைத்துவிட்டார். அந்த வாசகத்துக்கு ஒப்புதல் கொடுத்தவரே அவர்தான்.

சரி, மனிதர் சொல்லாவிட்டால் கணினி சொல்லும். படிப்பவர் எந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார் என்று அது கோடு போட்டுக் காட்டும். கோடு எகிறும் இடத்தில் பாடம் புரியவில்லை என்று அர்த்தம். அந்தத் தொழிலில் எல்லோரும் கோட்டை அப்படித்தான் படிப்பார்கள். தராசு எடிட்டர் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கோடு எகிறிய இடங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்.

நிறுவனம் கொடுத்தனுப்பிய கேமராவை மேசைக்கு மேலே கட்டி, டீச்சர் தன் வீட்டிலேயே எடுத்த பாடங்கள் அவை. முகம் தெரியாது. இரண்டு கைகளும் குரலும்தான். மூன்றாம் பாடத்தில் அளவு நாடா நழுவிக் கீழே விழுகிறது. டீச்சர் "போச்சுடா!" என்று சிரிக்கிறார். அடக்கிப் பார்த்து, முடியாமல், மறுபடியும் சிரிக்கிறார். ஆறாம் பாடத்தில் கதவு திறக்கும் சத்தம். "அங்கயே வச்சிடுங்க, கப்பு சத்தம் பதிவாகுது" என்று யாரிடமோ கிசுகிசுக்கிறார். ஒன்பதாவதில் ஊசிக்குள் நூல் போகாமல் அடம்பிடிக்க, ஏதோ ஒரு மெட்டை முணுமுணுக்கிறார்.

"பாத்தியாம்மா? கோளாறெல்லாம் வரிசையா நிக்குது."

"இதுல என்ன சார் கோளாறு? கேக்க நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கறது வேற, தரம் வேற. மனுஷன் இங்கதான் குழம்பிப் போய் உக்காந்திருக்காரு. வெட்டிடு."

"பழசை ஒரு பிரதி எடுத்து வச்சுக்கட்டுமா?"

"எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு? அழிச்சிடு."

மறுநாளே சந்தேகப் பெட்டியில் தொங்கலிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'மூன்றாம் பாடத்தில் நாடா விழவில்லை. தயவுசெய்து கவனிக்கவும்.'

அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. யாராவது மேசையிலிருந்து எதையாவது தவறவிட்டால், "அப்பாடா, விழுந்துடுச்சு, அவருக்குச் சொல்லிடுங்க" என்றார்கள். தராசு மட்டும் சிரிக்காமல் பொறுப்பாகப் பதில் எழுதினார்: 'நாடா இனி விழாது. முன்பு விழுந்ததற்கு வருந்துகிறோம்.'

ஒரு வாரம் கழித்துக் கோட்டைப் பார்த்தபோது அவருக்குத் தலை சுற்றியது. தொங்கல் அந்தப் பதினொரு பாடங்களையும் ஒன்று விடாமல், முன்னும் பின்னுமாகப் புரட்டியிருந்தார். எதையோ தொலைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவர் மாதிரி தேடியிருந்தார்.

"முன்னாடி மூணு இடத்துலதான் குழம்பினாரு. உங்க கைவண்ணத்துல இப்ப மொத்தப் பாடமும் குழப்பமாயிடுச்சு" என்றார் மேலாளர் அம்மா.

வீட்டுக்கு வந்து தராசு சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். மனைவி கேட்டுக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"அவர் பாட்டுக்கு ஒரு ஓரமாப் பாத்துட்டுப் போறாரு. அவரை ஏங்க இப்படிப் போட்டுப் படுத்தறீங்க?"

"நான் படுத்தறேனா? அவர்தான் என்னைப் படுத்தறாரு. அவர் முடிச்சாத்தான் எனக்கு வேலை."

அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஒப்பந்தம் முடிகிற தேதி அவளுக்கும் தெரியும். மகளின் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அந்தத் தேதியோடு முட்டிக்கொண்டு நிற்பதும் தெரியும்.

தராசு மறுபடி பாடங்களை நிறுத்துப் பார்த்தார். இந்தத் தடவை குற்றவாளி அகப்பட்டது. இருமல்! ஏழாம் பாடத்திலிருந்தே டீச்சருக்கு இருமல். போகப் போக அதிகமாகிறது. பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறார், தண்ணீர் குடிக்கிறார், "ம்... எங்க விட்டேன்?" என்று கேட்டுக்கொண்டு தொடர்கிறார். ஒரு மனிதருக்குப் படிப்பு எப்படி ஏறும்?

இருமலை எல்லாம் வெட்டச் சொன்னார். வெட்டியதில் படம் தத்தித் தத்திக் குதித்தது. துணியில் இல்லாத மடிப்பு திடீரென்று வந்தது. தைப்பதற்கு முன்பே காலர் ஒட்டிக்கொண்டது. மாயாஜாலக் காட்சி மாதிரி இருக்கிறது என்று எடிட்டர் பெண் ரசித்தாள்.

"பேசாம அந்த டீச்சரையே கூப்பிட்டுத் திரும்பப் பேச வைக்கலாமே?" என்றார் தராசு.

"கூப்பிட்டேன். ஒரு பொண்ணு எடுத்தா. அம்மா இனிமே கிளாஸ் எடுக்க மாட்டாங்கன்னுட்டு வச்சிட்டா" என்றார் மேலாளர் அம்மா. "வேற குரல் போடுங்க."

வேறு குரல் வந்தது. பெரிய கடைகளில் அறிவிப்பு வாசிக்கும் பெண். வெண்கல மணி போன்ற குரல். "அடுத்ததாக... காலர்" என்று அவர் சொன்னால் எங்கிருந்தோ ஒரு காலர் உண்மையிலேயே வந்து நிற்கப்போகிறது என்று வாசலைப் பார்க்கத் தோன்றும். இருமல் இல்லை, சிரிப்பு இல்லை, முணுமுணுப்பு இல்லை. பழைய கைகளும் புதுக் குரலுமாகப் பதினொரு பாடங்கள் தயாராயின.

பன்னிரண்டாவதைக் குரல் மாற்றிக்கூட மீட்க முடியவில்லை. அதில் பாதிக்கு மேல் இருமல். போதாக்குறைக்கு, காஜா எடுத்து முடித்த பிறகும் டீச்சர் கேமராவை நிறுத்தாமல், பாடத்தை விட்டுவிட்டு யாரிடமோ மெதுவாக ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். தராசு அதை முழுசாகக் கேட்கவில்லை. 'பாடத்துக்குத் தொடர்பில்லாத பேச்சு' என்று குறித்துவிட்டு, அந்தப் பாடத்தையே தூக்கச் சொன்னார். புது டீச்சர், புது மேசை, நல்ல வெளிச்சம். ஒரே காலையில் எடுத்து ஏற்றியும் ஆயிற்று.

அன்று மத்தியானம் தொங்கலே கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சார், குரல் மாறியிருக்குங்களே."

"ஆமா சார்! தெளிவா இருக்குல்ல?"

"தெளிவா இருக்குங்க." பிறகு மெதுவாகக் கேட்டார். "கடைசிப் பாடம்... அது அப்படியேதானே இருக்கு?"

"அதை அப்படியே விட்டுடுவோமா? அதுதான் சார் இருக்கறதுலயே மோசம். காலையிலதான் முழுசா மாத்தினோம்."

"நான் இன்னும் அதைப் பாக்கலையே."

"பாக்காததுக்கு ஏன் சார் கவலைப்படறீங்க? புதுசாவே பாத்துக்கலாமே!"

"பழசு... எங்கயாவது கொஞ்சம் இருக்குமா? ஒரு ஓரமா?"

"ஒரு துளி கிடையாது சார். சுத்தமா அழிச்சாச்சு. நீங்க தைரியமாப் பாருங்க."

மறுமுனையில் வெகு நேரம் மூச்சு மட்டும் கேட்டது. வழக்கமாக 'தேவையற்ற ஓசை' என்று குறித்துவிடுகிற ஓசை. தராசுக்கு ஏனோ அன்றைக்கு அது சங்கடமாக இருந்தது. "சரிங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்லிவிட்டுத் தொங்கல் வைத்துவிட்டார்.

அன்று மாலையே அதிசயம் நடந்தது. தொங்கல் கடைசிப் பாடத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை, எங்கும் நிறுத்தாமல், ஒரே மூச்சில் பார்த்து முடித்திருந்தார். பெயருக்கு நேராகப் பச்சைக் குறி விழுந்தது. எடிட்டர் பெண் கைதட்டினாள். மேலாளர் அம்மா கேக் வரவழைத்தார். அதன் மேல் கிரீமில் ஒரு பட்டன் வரைந்திருந்தது, காஜா இல்லாமல்.

தரக் குழு வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனது. தராசுக்கு வேலை நிரந்தரமாயிற்று. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரும் கொஞ்சம் துடைத்துக்கொண்டார்.

ஆனாலும் காலையில் கணினியைத் திறந்ததும் அவர் கண் அந்தப் பெயரைத்தான் தேடியது. தொங்கல் அதன் பிறகு ஒரு நாளும் பாடத்துக்கு வரவில்லை. முடித்தவர் எதற்கு வரப்போகிறார் என்று தராசு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நியாயம்தான். இருந்தாலும் மனசு என்னவோ போலிருந்தது.

"விளம்பரத்துக்கு ஒரு படம் வேணும். ரெண்டு வருஷம் விடாம முயற்சி பண்ணி ஜெயிச்சவர்னு போடலாம்" என்றார் மேலாளர் அம்மா. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு தராசே கிளம்பினார்.

மூன்றாவது மாடியில் சின்ன வீடு. தொங்கலின் மகள் கதவைத் திறந்தாள். தொங்கல் இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நினைத்ததைவிட மெலிந்த மனிதர். எழுந்து, இரண்டு கைகளாலும் சான்றிதழை வாங்கிக்கொண்டார்.

"கொஞ்சம் சிரிங்க சார்."

அவர் முயன்று பார்த்தார். படத்தில் அது சிரிப்பாக வரவில்லை.

"பரவாயில்ல சார். நீங்க தைச்ச சட்டை ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க, அதைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு எடுப்போம்."

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதுங்களே."

தராசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு பாடங்கள், பச்சைக் குறி, கேக், நிரந்தர வேலை எல்லாம் கண்ணெதிரே ஒரு ஆட்டம் ஆடின.

"அப்ப... எங்க பாடத்துல ஏதாவது குறை இருக்கா சார்?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க. உங்க புது டீச்சர் ரொம்பத் தெளிவாச் சொன்னாங்க. நான்தான் நல்ல மாணவன் இல்ல." அவர் தராசின் தோளில் லேசாகத் தட்டிக்கொடுத்தார். "இருங்க, இதை உள்ள வச்சிட்டு வந்துடறேன்."

அவர் உள்ளே போனதும் தராசு மகளிடம் குரலைத் தாழ்த்தினார்.

"என்னம்மா இது, எனக்கு ஒண்ணும் விளங்கல. தினமும் வந்து பாத்தாரு, ஆனா ஒண்ணும் கத்துக்கல. அந்தக் கடைசிப் பாடத்தை மட்டும் ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டாரு. கஷ்டமா இருக்கும்னு பயந்தாரா?"

அவள் உள் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அந்தப் பழைய டீச்சர் எங்கம்மாங்க. அம்மா போனப்புறம் அப்பா இன்னும் கேக்காம மிச்சம் வச்சிருந்த அவங்க பேச்சு அது ஒண்ணுதான்."