நாலாம் வகுப்பு வேலைநிறுத்தம்

பிள்ளைகளை அடக்கத் தெரிந்தவள் என்று நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது மொத்தம் பதினேழு நாட்கள். பதினெட்டாம் நாள் காலை பத்தேகாலுக்கு அந்த நினைப்பு முடிவுக்கு வந்தது. அதற்குச் சாட்சிகள் இருபத்திரண்டு பேர். ஒருவருக்கும் பத்து வயது ஆகியிருக்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். இருவருமே பள்ளிக்கூட வாசலை என்னைக் கொண்டுபோய் விடும்போதுதான் பார்த்தார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருத்தி ஆசிரியர் பயிற்சிக்குப் போனால் தலை கொஞ்சம் கனக்காதா? எனக்கு நன்றாகவே கனத்தது. போதாததற்கு, 'வகுப்பறை மேலாண்மை' என்ற பாடத்தில் எங்கள் பேட்ச்சில் நான்தான் முதல் மதிப்பெண். மாணவர் ஏன் குறும்பு செய்கிறார், ஏன் கவனம் சிதறுகிறது, வராமல் தடுப்பது எப்படி என்று பதினோரு பக்கம் எழுதியிருந்தேன். (கேட்ட கேள்விக்கு நாலு பக்கம் போதும்.)

கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தமிழ்ப் பள்ளியில், நாலாம் வகுப்பைக் கொடுத்தார்கள். கடைசி வாரத்தில் பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு மலையாளி மேடம் வந்து ஒரே ஒரு வகுப்பைப் பார்ப்பார். அதில் தேறாவிட்டால் இன்னொரு வருடம். அம்மாவோ கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாரிடமும் "எம் மக டீச்சராயிட்டா" என்று ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள்.

முதல் வாரம் புத்தகப்படி நடந்தேன். ஆசிரியர் குரலைத் தாழ்த்தினால் மாணவர்கள் கூர்ந்து கேட்பார்கள் என்று புத்தகம் சொன்னது. தாழ்த்தினேன். மறுநாள் மேசையில் ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே மிளகும் பனங்கற்கண்டும். டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டதாக வகுப்பே முடிவு செய்திருந்தது.

அடுத்த உபாயம்: அதிகம் குறும்பு செய்பவனிடம் பொறுப்பைக் கொடு, திருந்துவான். வகுப்பிலேயே பெரிய வாலு ஸ்டீபன். அவனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, பேசுகிறவர்கள் பெயரை எழுதச் சொன்னேன். அவன் திருந்தியது என்னவோ உண்மைதான். மறுநாள் சட்டைக் காலரின் பின்பக்கம் குடையை மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, வரிசை வரிசையாக நடந்தான். அசல் தோட்டத்துக் கங்காணி. நான் பெருமையாகச் சிரித்தேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்கு மேல் என் சொந்தச் சரக்கு ஒன்றையும் சேர்த்தேன். நோட்டில் ஐந்து பெயர் ஏறினால் மொத்த வகுப்புக்கும் பி.டி. பீரியட் கிடையாது. ஸ்டீபன் கடமை தவறாதவன். இரண்டு வாரம், இரண்டு பி.டி. பீரியட் போயிற்று. வகுப்பு அமைதியானது. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

மேடம் வந்த திங்கட்கிழமை காலை. பின்னம் பாடம். ஐந்து நாள் உட்கார்ந்து வரைந்த சார்ட்டுகளைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, ஆபீஸ் அறைக்குப் போய் மேடத்தை அழைத்து வந்தேன். வகுப்பில் ஒருவரும் இல்லை. இருபத்திரண்டு பேரும் வராந்தாவில் நான்கு வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பதினெட்டு நாளில் அவ்வளவு ஒழுங்காக அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முன்வரிசையில் செல்வராணி. என் அம்மா கொழுந்து பறிக்கும் அதே மலையில்தான் அவள் அம்மாவும் பறிக்கிறாள்.

"உள்ள வாங்க" என்றேன், புத்தகம் சொன்ன தாழ்ந்த குரலில். (வேறு குரல் அப்போது என்னிடம் இல்லை.)

"வரமாட்டோம் டீச்சர். மொதல்ல பேச்சுவார்த்த" என்றாள் செல்வராணி.

நான் ஸ்டீபனைத் தேடினேன். என் கங்காணி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்து நோட்டையும் பேனாவையும் என் கையில் வைத்தான். "எனக்குந்தான டீச்சர் பி.டி. போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டான்.

"எந்தா இது?" என்றார் மேடம்.

என்ன சொல்வது? கூலி உயர்வு கேட்டு அம்மா ரோட்டில் உட்கார்ந்தபோது அவள் மடியில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றவள் நான். கங்காணி கூப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவள். அப்படிப்பட்டவள் படித்து முடித்து, வகுப்பறையில் செய்த முதல் காரியம் ஒரு கங்காணியை நியமித்தது. இதையெல்லாம் மேடத்திடம் விளக்க நேரமில்லை. நானும் தரையில் உட்கார்ந்தேன்.

போன இரண்டு பீரியடையும் திருப்பித் தர வேண்டும் என்றாள் செல்வராணி. தலைமையாசிரியர் விடமாட்டார் என்று பொய் சொன்னேன். பிறகு, போனால் போகிறதென்று, "சரி, பாதி தர்றேன்" என்றேன்.

அவள் யோசித்தாள். "ஒண்ணுல பாதியா, ரெண்டுல பாதியா டீச்சர்?"

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பின்னம் பாடத்தில் ஒரு வாரமாக நான் தலைகீழாக நின்றும் அவர்கள் தலையில் ஏறாத விஷயம் அதுதான். பாதி என்றால் எதில் பாதி? ஒன்றில் பாதி இருபது நிமிடம், இரண்டில் பாதி நாற்பது என்று கடைசி வரிசையிலிருந்து கணக்கு வந்தது. அந்த வரிசை வாயைத் திறந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். இரண்டில் முக்கால் வேண்டும் என்றான் ஸ்டீபன். ஒன்றரைக்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது என்று நான் அடித்துப் பேசினேன். இரண்டும் ஒன்றுதானே என்றாள் செல்வராணி. பாதிப் பேர் நம்பவில்லை. வராந்தாத் தரையில் சாக்பீஸால் இரண்டு நீளப் பெட்டி வரைந்து, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, நாலில் மூன்றை அவளே எண்ணிக் காட்டினாள். அறைக்குள் என் சார்ட்டுகள் காலி பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தன.

ஒன்றரைக்கு ஒப்பந்தமானது. எழுத்தில் வேண்டும் என்றார்கள். ஸ்டீபன் நோட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் அதை வாங்கி, சாட்சி என்று மலையாளத்தில் எழுதி, தானும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

என் மதிப்பீட்டுத் தாளில் அவர் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது. மாணவர் பங்கேற்பு மிகச் சிறப்பு. வகுப்புக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் அது ஆசிரியரிடம் இல்லை. தேறிவிட்டேன், மயிரிழையில்.

சாயங்காலம் நான் வீடு சேர்வதற்கு முன்பே செய்தி சேர்ந்திருந்தது. செல்வராணியின் அம்மா மலையிலேயே சொல்லிவிட்டாள். "ஏட்டி, நம்ம வம்சத்துல ஒரு கங்காணி இல்லன்னு இருந்துச்சு. அந்தக் கொறையும் தீந்துருச்சு" என்றாள் அம்மா, காப்பி ஆற்றிக்கொண்டே.

இப்போது நான் வேறொரு பள்ளியில் டீச்சர். என் வகுப்பில் பெயர் எழுதும் நோட்டு கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம் பேச்சுவார்த்தை உண்டு. ஊரில் எனக்குக் கொஞ்சம் பேர்கூட இருக்கிறது.

வீட்டில்தான் இல்லை. போன மாதம் டாக்டர் சொன்னாரென்று, வெற்றிலையைப் பாதியாகக் குறைக்கும்படி அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அப்பா எழுந்துபோய் வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அம்மாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுல பாதியா, ரெண்டுல பாதியா டீச்சர்?" என்றார் அப்பா.